எட்டு விநாடி

வணக்கம் உறவுகளே என்று தொடங்காதே.
மல்லாவியில் இருந்து சொல்கிறேன்:
வணக்கம் முடியுமுன்
பாதிப்பேர் எழும்பிப் போய்விடுகிறார்கள்.
எட்டு விநாடி.
கோடு போட்டுக் காட்டுகிறது போன்,
கயிறறுந்த வாளி கிணற்றுக்குள் போனமாதிரி.

அதனால் முதலில் இருமல்.
மூன்றுதரம் இழுத்தும் பிடிக்காத
வாட்டர் பம்பின் இருமல்.
பிறகு என் கை, கிறீசோடு.
முகம் பிறகுதான்.
முகம் இருந்தால்தான் ஆள் நிற்கும் என்கிறது கணக்கு.
கை போதுமே என்கிறார் இவர்.
இரண்டு பேருக்கும் பொதுவாய்க் கழுத்தோடு வெட்டிப் பார்த்தேன்.
தலையில்லாத மெக்கானிக் என்று
சந்தையில் சிரித்தார்கள்.

காற்றுக்கு ஒரு வழி செய்தேன்.
ஆடிக் கச்சான் வயலால் வந்து
சொல்லையெல்லாம் தின்றுவிடும்.
பிள்ளையின் கம்பளித் தொப்பியை வெட்டி
மைக்குக்குப் போர்த்தேன்.
மயிலுக்கு வழியில்லை.
காபரேற்றர் என்று நான் வாய்திறக்க
எங்கிருந்தோ அகவும்.
அதை வெட்டவெட்டப் பாடமும் பாதியாய்ப் போக
இப்போது விட்டுவிடுகிறேன்.

வெளிச்சம் நாலரைக்கு.
டேட்டா மலிவது நடுச்சாமத்துக்குப் பிறகு.
சிக்னல் பாலைமரத்தடியில்,
அதுவும் வேலிப்பக்கம் சாய்ந்து நின்றால்.
பதினெட்டு நிமிஷத்தை ஆறாக்க
ஒரு கல்மனம் வேண்டும்.
நான் சொன்னதிலேயே வடிவான வசனத்தை
நானே எறியவேண்டும்.

லீசிங்காரன் வந்துபோன கிழமை
கஜீபன் சொன்னான், மாங்குளத்தில் ட்ரோன் வைத்திருப்பவன்:
"பம்புக்கு ஆர் அக்கா அழுவினம்?
ஒரு வீட்டைக் காட்டுங்கோ.
கூரை, அடுப்பு, கண்.
கடைசியில வங்கி இலக்கம். பவுணில வரும்."

போனேன்.
யசிந்தாவுக்கு என் வயதுதான் இருக்கும்.
என்னைக் கண்டதும் வாரும் என்றுகூடச் சொல்லவில்லை.
கதிரையை இழுத்து யன்னலுக்கு எதிரே போட்டு
இடக்கன்னத்தில் வெளிச்சம் விழ இருந்தாள்.
நான் நாலாவது ஆளாம்.
"கோழியைக் கலைக்கவோ, நிக்கட்டோ?
போனமுறை வந்தவர்
கோழி நிண்டா வசதியான வீடெண்டு தெரியும் எண்டு கலைச்சவர்.
அழுகிறது முதலிலயோ, கடைசியிலயோ?"

ஏழு மாதம் நித்திரை முழித்து
நான் படித்ததெல்லாம்
அந்தக் கதிரையில் ஏற்கெனவே இருந்தது.

போனைத் தாழ்த்தினேனா?
இல்லை. தாழ்த்தினேன் என்றால் பொய்.
முதல் எட்டு விநாடி எடுத்தேன்.
நன்றாகச் செய்தாள்.
பிறகுதான் கண்டேன்,
கிணற்றடியில் சாக்கு மூடி ஒரு பம்ப்.

"அது தண்ணி இழுக்காது. அதைக் காட்டாதேயும்.
பம்ப் இருக்கிற வீட்டுக்கு ஆர் தருவினம்?"

காட்டினேன்.
குழாயைத் தூக்கி அடிவால்வைக் கழற்ற
தேய்ந்த வாசர், இடையில் ஒரு நத்தையோடு.
சைக்கிள் ரியூப்பில் வட்டம் வெட்டினேன்.
போனை அவள் வாங்கிப் பிடித்தாள்.
என்னைவிட நேராய்ப் பிடித்தாள்.
தண்ணீர் வந்தபோது
என் முகத்தை எடுக்கவில்லை, தண்ணீரையும் எடுக்கவில்லை.
சப்பையாய்க் கிடந்த குழாய்
பாம்புபோல் ஊதி நிமிர்ந்ததை எடுத்தாள்.
கோழிகள் கலைந்தோடியதும் அதில்தான்.

வங்கி இலக்கம் போடவில்லை.
இருநூற்றுப் பதினொருபேர் பார்த்தார்கள்.
லீசிங்காரன் பிறகும் வந்தான்.

ஞாயிறு காலை அவளே எடுத்தாள்.
பின்னால் பம்ப் சத்தம்.
"பாத்தன். கோழி வடிவா வந்திருக்கு.
நீர் கதைக்கேக்க மூச்சு முட்டுது.
அடுத்தமுறை முதல்ல ஒரு மிடறு தண்ணி குடியும்.
பிறகு போனை அமத்தும்."